நெவில் சொல்ற பெயிண்ட் கதை

இல்லைங்க மேடம், மன்னிக்கணும், அங்கதான் மனுஷ குலமே தப்பு பண்ணுது. சாதாரணத் தப்பு இல்ல. படிச்சவன், படிக்காதவன், பத்திரிகையில எழுதறவன் எல்லாரும் சேர்ந்து பண்ற தப்பு. துப்பாக்கிக்குப் பச்சையும் பழுப்புமா இலை மாதிரி பெயிண்ட் அடிச்சுட்டா மான் கண்ணுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறாங்க. மானுக்கு அந்தப் பச்சை, அந்தப் பழுப்பு, நீங்க காருல தொங்கவிட்டிருக்கிற ஆரஞ்சு ஜாக்கெட், மூணுமே கிட்டத்தட்ட ஒரே மங்கல் நிறம். அதோட கண்ணு அப்படி. நீலம் மட்டும் பளிச்சுன்னு தெரியும். என் வீட்டுக்காரி நோலீன் துணி துவைக்கிற பவுடர் இருக்கே, அதுல துவைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு நான் காட்டுக்குள்ள போனா மானுக்கு ட்யூப் லைட் நடந்து வர்ற மாதிரி இருக்கும். மான் பாக்கிறது பளபளப்பையும் அசைவையும்தான். இலை வரையறதெல்லாம் மானுக்காக இல்லைங்க. பக்கத்து வீட்டுக்காரன் பாத்து வயிறு எரியணும்னு.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், பூனை முடி. இதுல உக்காருங்க. முப்பத்தி நாலு வருஷம் பள்ளிக்கூடத்துல உயிரியல் எடுத்தேன், யாராவது நிறுத்தச் சொன்னாத்தான் நிறுத்துவேன். கெட்டில் போட்டிருக்கேன். பால்? சர்க்கரை வேணாமா, சரி.

நெவில் சொன்னான்தானே உங்ககிட்ட? பெயிண்ட் கதையை? நெனைச்சேன். துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்க, சொந்தம் இல்லாத ஆள் ஒருத்தர் பேரு குடுங்கன்னு உங்க படிவத்துல கேட்டிருந்துச்சு, நான் நெவில் பேரைக் குடுத்தேன். இருபத்தேழு வருஷமா வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கான். ஸ்கூல் பஸ் ஓட்டினவன். இந்தக் கெல்வின் எப்படிப்பட்ட ஆளு, இவன் கையில துப்பாக்கி இருக்கலாமான்னு நீங்க கேட்டிருப்பீங்க, அவன் உடனே பெயிண்ட் கதையை எடுத்திருப்பான். வாத்தியார் கையில இருக்கலாம் மேடம், அது சுடவே சுடாதுன்னு சொல்லியிருப்பானே? அதேதான்! வார்த்தை மாறாம சொல்றான் பாருங்க. நோலீன் பொறந்த நாளைக்குச் சொன்னான், க்ளப்புல சொன்னான், பல்லு பிடுங்கப் போன இடத்துல வாயில பஞ்சை வச்சுக்கிட்டே சொன்னான்.

அந்த மானுக்கு எத்தனை கொம்புக் கிளைன்னு சொன்னான் உங்ககிட்ட? பதினாறா? போன வருஷம் ஏப்ரல்ல பன்னெண்டா இருந்துச்சு. கிறிஸ்துமஸுக்குப் பதினாலு. நான் திருத்தறதில்ல. இந்த ஊர்ல நான் திருத்தாத விஷயம் அது ஒண்ணுதான்.

இந்தாங்க டீ. சீஸ் ஸ்கோன் எடுத்துக்கோங்க, காலையில நான் பண்ணது. அடுப்புச் சூடு கொஞ்சம் கூடிருச்சு.

கதை நிஜமா பொய்யான்னா, அவன் சொல்ற வரைக்கும் நிஜம். இருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன். ஏப்ரல்ல கடமான்... சரியாச் சொல்லணும்னா கடமான் இல்ல, நம்ம ஊர் செம்மான். ஏப்ரல்ல கிடா மான் எல்லாம் கத்த ஆரம்பிக்கும். பொட்டைங்களைக் கூப்பிடறதுக்கு, இன்னொரு கிடாவைச் சண்டைக்கு இழுக்கிறதுக்கு. நாங்களும் குழாயை வாயில வச்சு அதே மாதிரி கத்துவோம், அது எதிரிக் கிடான்னு நெனைச்சுப் பதில் குடுக்கும், சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே கிட்டப் போவோம். நெவில் கையில மாட்டுக் கொம்பு. நான் பழைய வேக்கூம் க்ளீனர் குழாயை ஒண்ணே கால் அடிக்கு வெட்டி வச்சிருக்கேன். ஆமா, நோலீன் சண்டை போட்டா. அந்த க்ளீனர் ஓடிக்கிட்டிருந்துச்சு.

போன வருஷம் நெவில் புதுத் துப்பாக்கி வாங்கினான். எவர்சில்வர் குழல். கட்டை கறுப்பு ப்ளாஸ்டிக். வெயில்ல பிடிச்சா எதிர் மலையில இருக்கிறவன் அதுல ஷேவ் பண்ணிக்கலாம். நான் சொன்னேன், டேய், மானுக்கு நிறம் தெரியாது, ஆனா இந்த மினுக்கம் தெரியும், இதை மங்கலாக்கணும்னு. அவன், அப்ப நீயே பண்ணிக் குடு வாத்தியாரே, வரைபடம் எல்லாம் போர்டுல நல்லா வரைவியேன்னான். சும்மா இருந்திருக்கலாம். ரெண்டையும் பண்றேன்னுட்டேன், அவனதும் என்னதும்.

எப்படிப் பண்றதுன்னு கேக்கறீங்களா? படிவத்துல அப்படியா கேள்வி இருக்கு? சரி, உங்களுக்கே ஆர்வமா. நல்லது.

மொதல்ல எண்ணெய்ப் பிசுக்கு போகணும். ப்ரேக் க்ளீனர் அடிச்சுத் துடைச்சேன். அப்புறம் மெல்லிசு உப்புத்தாள். குழல் வாயில, குறி பாக்கற ஸ்கோப்போட ரெண்டு கண்ணாடியில, விசைக்குழியில டேப் ஒட்டணும். கொல்லையில துணி காயப்போடற கொடியில கம்பி கட்டி ரெண்டையும் தொங்கவிட்டேன். அடியில பழைய போர்வை. மொதல் கோட் காக்கி. பளபளப்பு இல்லாத பெயிண்ட், மொத்தமா அடிக்கக் கூடாது, பனி மாதிரி நாலு தடவை. அது காஞ்சப்புறம் நோலீன் துணி போடற வலைப்பையை இறுக்கிச் சுத்தி, அதுக்கு மேல பழுப்பு. பையை எடுத்தா பாம்புச் செதில் மாதிரி வரும். அதுக்கப்புறம் பெரணி இலையை ஒட்ட வச்சு, சுத்தி கரும்பச்சை அடிச்சா இலையோட நெழல் மட்டும் நிக்கும். ரெண்டு விதமான பெரணி எடுத்தேன். காட்டுல ஒரே இனம் தனியா மொளைக்காது பாருங்க.

நெவில் வந்து வேலி மேல கையை வச்சுக்கிட்டு, ஆஹா, வாத்தியாரம்மா சமையலறை சுவத்துக்கும் இதே டிசைன் போட்டுருன்னான். ஆனா எடுத்துக்கிட்டுப் போகும்போது மொகத்தைப் பாக்கணும். குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரி தூக்கிட்டுப் போனான். அவன் துப்பாக்கி நல்லாத்தான் வந்துச்சு. அதைப் பெரணிப் புதர்ல வச்சா நானே தேடணும்.

என்னோடதுதான் கெட்டுப்போச்சு. வெளியில இல்ல, உள்ள.

போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ள தள்ளிப் பூட்டற அந்தக் கம்பியை, கழட்டித் தனியா வச்சுட்டு அடிக்கணும். கழட்டினேன். ஆனா அதோட கைப்பிடி மட்டும் எவர்சில்வரா மின்னிச்சு. அதையும் அடிச்சுரலாமேன்னு தோணிச்சு. அதைத் தனியா ஆணியில மாட்டி அடிச்சேன். டேப் ஒட்டல. ரெண்டே நிமிஷ வேலைதானேன்னு. பெயிண்ட்டோட தூசி போல்ட் உள்ள போயிருக்கு. உள்ள ஒரு ஊசி இருக்குங்க, விசையை அழுத்தினா அதுதான் போய்த் தோட்டாவோட பின்பக்கத்தைக் குத்தும். அந்த ஊசி மேல பெயிண்ட்டும் எண்ணெயும் கலந்து ஜாம் மாதிரி ஆயிருச்சு. நான் பெயிண்ட் அடிச்சது வியாழக்கிழமை. மலைக்குப் போனது சனிக்கிழமை. நடுவுல ஒரு தடவை சுட்டுப் பாத்திருக்கணும். பாக்கல.

இதை எழுதிக்கோங்களேன். ஏன் எழுத மாட்டேங்கறீங்க? சோதிச்சுப் பாக்காத துப்பாக்கியை எடுத்துக்கிட்டு வேட்டைக்குப் போனது தப்புதானே. சரி பண்ணியாச்சான்னா, பண்ணியாச்சு. க்ரேமௌத்துல துப்பாக்கி ரிப்பேர் பண்ற ஒருத்தர்கிட்ட குடுத்துப் பிரிச்சுத் தொடைச்சு வாங்கிட்டேன். ஊசி இப்ப நல்லாக் குத்தும்னு சொன்னாரு. அப்ப பிரச்சினை இல்லையா? ஓ.

இருங்க, அந்தக் கதவு ஆடுது, சாத்திட்டு வர்றேன். காத்து.

ஆங், துப்பாக்கிப் பெட்டிச் சாவி. சாவி எங்கே இருக்குன்னு நோலீனுக்குத் தெரியும். அது விதிப்படி குத்தம்தானே? அவளுக்கு லைசென்ஸ் கிடையாது, பெட்டிச் சாவி இருக்கிற இடம் தெரியக் கூடாது. ஸ்கோன் டப்பாவுக்குப் பின்னாடி வச்சிருந்தேன், எடுக்கும்போது பாத்துட்டா. இடத்தை மாத்துங்க போதுங்கறீங்களா. நீங்க ரொம்ப தாராளமா இருக்கீங்க மேடம். போன தடவை வந்தவரு கறாரான ஆளு. பெட்டியைச் சுவத்துல அடிச்ச ஆணியை எல்லாம் எண்ணினாரு.

என் வயசைப் பாத்தீங்களா? அறுபத்தெட்டு. இடது கண்ணுல புரை விழுந்திட்டிருக்கு. டாக்டர் எழுதிக் குடுப்பாரு, வேணும்னா. சுடறது வலது கண்ணாலதானா? அதுவும் சரிதான்.

இல்லைங்க, அமைதியாத்தான் இருக்கேன். எந்திரிச்சு எந்திரிச்சு நடக்கறது பழக்கம். வகுப்புல உக்காந்து பாடம் எடுத்ததே இல்ல.

வாங்க, துப்பாக்கியைப் பாத்துருங்க, நம்பர் சரி பாக்கணும்னீங்களே. பெட்டியைத் திறக்கறேன். இதான். காலியா இருக்கு, பாருங்க, நீங்களும் பாருங்க. அழகா இருக்கா? இந்த இலை வந்து... ஆமா தூசிதான். பதினோரு மாசமா எடுக்கல. போன ஏப்ரல்லேர்ந்து ஒரு தோட்டாகூடச் சுடல.

பின்ன எதுக்கு லைசென்ஸைப் புதுப்பிக்கிறேன்னா.

நல்ல கேள்வி. அது உங்க படிவத்துல இல்ல, ஆனா நல்ல கேள்வி. புதுப்பிக்கலைன்னா நெவில் ஏன்னு கேப்பான். இன்னும் மூணு வாரத்துல ஏப்ரல். வேட்டைக்குத் தங்கற மலைக் குடிலுக்கு முன்பதிவு பண்ணிட்டான். எனக்கும் சேத்து சாமான் லிஸ்ட் போட்டு வேலி மேல கல்லு வச்சுட்டுப் போயிருக்கான். என்ன வாத்தியாரே, இந்த வருஷமாவது சுடற துப்பாக்கியா எடுத்துட்டு வருவியா, இல்ல பெயிண்ட் டப்பாவையே எடுத்துட்டு வருவியான்னு கேட்டுட்டுப் போறான். நான் வரலைன்னா காரணம் வேணும். கால் வலின்னா தூக்கிட்டுப் போவான். காய்ச்சல்னா சூப் கொண்டு வருவான். நீங்க இல்லைன்னுட்டீங்கன்னா, அது சர்க்கார் காரணம். அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. அதான் மேடம். காலையிலேர்ந்து உங்களுக்கு ஒரு காரணம் எடுத்துக் குடுக்கப் பாக்கறேன், நீங்க எதையுமே எடுத்துக்க மாட்டேங்கறீங்க.

பயமா? மலையப் பாத்தா? இல்லைங்க.

சரி, டீயைக் குடிங்க, ஆறிரும். அந்தச் சனிக்கிழமையைச் சொல்லிடறேன். நெவிலுக்குத் தெரிஞ்ச கதையில அந்தப் பாதி இல்ல.

குடில்லேர்ந்து மேல போனா ஒரு ஓடை. எங்க ஒப்பந்தம் எப்பவும் ஒண்ணுதான். ஓடைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நெவில். மத்தியானம் வரைக்கும் ஒருத்தன் பக்கம் இன்னொருத்தன் வரக் கூடாது. கைகுலுக்கிட்டுப் பிரிவோம். இருபது வருஷமா அப்படித்தான். நல்லா விடிஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு. ஈரம். குழாயை எடுத்துக் கத்தினேன். மேலேர்ந்து பதில் வந்துச்சு. கனமான குரல், கடைசியில ஒரு உறுமல். வயசான கிடா, எட்டு வயசுக்குக் கொறையாது, கழுத்து பருத்ததுன்னு எனக்குள்ள நானே பாடம் நடத்திக்கிட்டேன். மறுபடி கத்தினேன், மறுபடி பதில். ரெண்டு மணி நேரம் இப்படியே. அது நகருது, நான் நகர்றேன். ஒரு இடத்துல ஓடை ரெண்டாப் பிரியும். சத்தம் அந்தப் பக்கத்துலேர்ந்து. நான் நின்னேன். நின்னு, இப்ப எதிர்ல ஓடறது கிளைதான், நிஜமான ஓடை அதுக்கும் அந்தாண்ட இருக்கு, அதனால நான் இன்னும் என் பக்கத்துலதான் இருக்கேன்னு முடிவு பண்ணினேன். வரைபடம் பையில இருந்துச்சு. எடுத்துப் பாக்கல. பாத்தா தாண்ட முடியாது.

தாண்டினேன். முழங்கால் வரைக்கும் தண்ணி.

மேல ஏறினா பெரணிக் காடு, இடுப்பளவு. கத்தினேன். பதில் அவ்வளவு பக்கத்துல வந்துச்சு, நெஞ்சுல அதிர்ந்துச்சு. எம்பது அடி இருக்கும். பெரணி ஆடுது. பழுப்பா முதுகு, கொஞ்சம் தெரியுது, மறையுது. மேல கிளையா ஏதோ தூக்குது, இறங்குது. ஸ்கோப்புல பாத்தேன். கொம்பு எண்ணினேன். எண்ணினேங்க! இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. நெவில் மொதல்ல சொன்ன பன்னெண்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? நான் சொன்னதுதான். காஞ்ச மரக்கிளையில நான் எண்ணினது.

உங்க படிவத்துல ஆறாவது கேள்வி. சுடறதுக்கு முன்னாடி எதைச் சுடறோம்னு சந்தேகமே இல்லாம தெரிஞ்சுக்கிறீங்களா. பையன்களுக்கு அதை நானே பாடமா எடுத்திருக்கேன், வேட்டைச் சங்கத்துல, வருஷா வருஷம். போர்டுல எழுதி அடிக்கோடு போட்டு.

எனக்குச் சந்தேகமே இல்லைங்க. அதான் விஷயம். துளி சந்தேகம் இல்ல.

சேஃப்டிப் பூட்டை எடுத்தேன். மூச்சைப் பாதி விட்டேன். அழுத்தினேன். கை தடுக்கல, யோசிக்கல, கடைசி நொடியில நிறுத்தல. முழுசா அழுத்தினேன். டிக்குன்னு ஒரு சத்தம், பேனா மூடி போடற மாதிரி. ஊசி ஜாம்ல போய் மெதுவா இடிச்சிருக்கு. அந்தச் சத்தத்துக்கு மான் தலையைத் திருப்பிப் பாத்துச்சு. மூக்குக் கண்ணாடி போட்டிருந்துச்சு.

இன்னொரு ஸ்கோன் எடுத்துக்கோங்க.

இல்ல, அவன் என்னைப் பாக்கல. குச்சி ஒடிஞ்சதுன்னு நெனைச்சிருக்கான். வேர்த்துச்சுன்னு, ஆளுன்னு தெரியறதுக்குப் போடற ஆரஞ்சுத் தொப்பியைக் கழட்டிப் பையில வச்சிருந்தான். துப்பாக்கி தோள்ல இருந்துச்சு. என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு, எனக்குத் தெரியல, பெரணி மேல பெரணி. மாட்டுக் கொம்பைத் தூக்கி என்னைப் பாத்து இன்னொரு தடவை கத்தினான். நல்லாக் கத்துவான் நெவில். நான் அப்படியே உக்காந்துட்டேன். பதில் குடுக்கல. அவன் போற வரைக்கும் உக்காந்திருந்துட்டு, ஊர்ந்து வந்து ஓடையைத் தாண்டினேன்.

மத்தியானம் குடிலுக்கு வந்தான். வாத்தியாரே, உன் பக்கத்துலேர்ந்து ஒரு ராட்சசக் கிடா ஏறி வந்துச்சுய்யா, ரெண்டு மணி நேரம் பேசினேன், திடீர்னு வாயை மூடிருச்சுன்னான். நான் என்ன சொல்றது? ஆமா, நானும் பாத்தேன், அழுத்தினேன், சுடல, பெயிண்ட் உள்ள போயிருச்சுன்னேன். அவ்வளவும் நிஜம், பாருங்க, ஒரு வார்த்தை பொய் இல்ல. அவன் குடில் பலகையில உருண்டு உருண்டு சிரிச்சான். கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே சிரிச்சான்.

ஆறாவது கேள்விக்கு இல்லைன்னு போட்டுருங்க. அவன்கிட்ட எதைச் சொல்றது, சொல்றதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன். இல்ல, நீங்க சொல்ல வேணாம். சொன்னா நானே சொல்லணும். வேலி பக்கத்துலதான் இருக்கு.

அன்னிக்குச் சாயங்காலம் அவன் நிஜமாவே ஒண்ணு சுட்டான், எட்டுக் கிளை, நல்ல கறி. யார் சுட்டாலும் எங்களுக்குள்ள பாதிப் பாதிதான். நான் என் பாதியை வேணாம்னுட்டேன். அதுக்கப்புறம் ஜூன்ல சுட்டதுலயும் வேணாம்னுட்டேன், ஜூலையிலயும். ஆகஸ்ட்ல நெவில் இன்னொரு ஃப்ரீசர் வாங்கினான்.